உத்தரவு வருவதற்கு முன்

இருபத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உத்தரவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தே செய்த தவறு இது.

2014 அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை. மறுநாள் பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. திருவூடல் தெரு டீக்கடையில் எல்லோர் கண்ணும் டிவியில்தான். சொத்துக் குவிப்பு வழக்கில் செப்டம்பர் 27 அன்று 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்ட ஜெயலலிதாவின் ஜாமீன் மனு, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விசாரணையில் இருந்தது. நிபந்தனை ஜாமீனுக்கு ஆட்சேபனை இல்லை என்று சிறப்பு அரசு வழக்கறிஞர் பவானி சிங் சொன்னதாகச் செய்தி ஓடியது. சற்று நேரத்தில் சில சேனல்கள் ஜாமீன் கிடைத்துவிட்டதாகவே போட்டன.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒரு கட்சிக்காரத் தம்பி ஓடிவந்தார். "அண்ணே, நீங்க கோர்ட்டு ஆளு. நெஜமா?"

"பி.பி.யே சரின்னுட்டாரு, அப்புறம் என்ன? முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் கையிலிருந்த அன்றைய வசூலைக் கொடுத்துச் சரவெடி வாங்கிவந்தார். தெருமுனையில் கொளுத்தினார். புகை அடங்குவதற்குள் செய்தி மாறியது. நீதிபதி ஏ.வி. சந்திரசேகரா ஜாமீனை மறுத்துவிட்டார். சிவப்புக் காகிதத் துணுக்குகளை மிதித்தபடி அந்தத் தம்பி என் முன்னால் வந்து நின்றார். "நீங்க சொன்னதாலதானே அண்ணே வெடிச்சேன்."

"தப்பு என்னுடையது" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அரசு வக்கீல் கோர்ட்டையும் நம்மையும் ஏமாத்திட்டார்" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். மறுநாளிலிருந்து டீக்கடையில் அதையே பத்துப் பேர் சொன்னார்கள்.

அரசு வழக்கறிஞரின் வேலை தன் தரப்பைச் சொல்வது. அவர் ஆட்சேபித்தாலும் நீதிபதி ஜாமீன் கொடுக்கலாம், ஆட்சேபிக்காவிட்டாலும் மறுக்கலாம். அவர் நிலைப்பாடு சரியா என்று யாரும் கேள்வி கேட்கலாம். ஆனால் 'ஆட்சேபனை இல்லை' என்பது உத்தரவு அல்ல. எத்தனையோ வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்த எனக்கு இது பாலபாடம். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது அக்டோபர் 17 அன்றுதான்.

அடுத்த வருஷம் இன்னொரு தவறும் செய்தேன். ஜெயலலிதாவின் மேல்முறையீட்டில் ஆஜராக பவானி சிங்கைத் தமிழ்நாடு அரசு நியமித்தது சட்டப்படி செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "பாத்தீங்களா, அப்பவே சொன்னேனே" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்ட பிறகு வழக்கறிஞரை நியமிக்கும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கு என்பதுதான் அங்கே கேள்வி. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நான் சொன்ன குற்றச்சாட்டுக்கு அதில் ஆதாரம் எதுவும் இல்லை. பின்னால் வந்த ஓர் உண்மையை, முன்னால் சொன்ன பொய்க்கு முட்டாகக் கொடுத்தேன்.

அதே ஆண்டு மே 11 அன்று உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்ததும், 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் ஊருக்கே தெரியும். என் பேச்சை நான் திருத்தாமல் விட்டது எனக்கு மட்டும் தெரியும்.

போன மாதம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெடிக் காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த வக்கீலப் பத்தி நானும் நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே அண்ணே" என்றார்.

அந்த நாலு பேர் யாரென்று அவருக்கும் நினைவில்லை. அவர்களில் ஒருவராவது இதைப் படிக்க நேர்ந்தால், நான் சொன்னது தவறு என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.