கன்னியாவில் ஒரு பகல்

திருகோணமலையிலிருந்து அனுராதபுர வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்று கன்னியாவை அடைந்தோம். அருகருகே 7 சிறு வெந்நீர்க் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. இறங்கி நீராட இயலாது. வாளியால் அள்ளியே ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுவே தனிச் சுகம்!

எரிமலையற்ற இலங்கையில் நீர் சுடுவானேன்? பாறைப் பிளவுகளினூடே ஆழத்துக்கு இறங்கும் மழைநீர், நிலத்தடி வெப்பத்தை ஏற்று மேலெழுகின்றது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் 7 இடங்களில் நிலத்தைக் குத்தினான் என்பது ஐதிகம். இறந்தோருக்கு 31ஆம் நாட் கடன் கழிக்கச் சைவர்கள் இங்கு வருவதும் நெடுநாள் வழக்கம்.

நாங்கள் சிரித்து நீராடுகையில், தலை மழித்த இளைஞரொருவர் ஈர வேட்டியுடன் வந்து நின்றார். எங்கள் பிள்ளைகள் தாமாகவே அமைதியாயினர். வாளியை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினோம்.