தொட்டுப் பார்க்காத தராசு

திருவக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பல பேர், அங்கேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை.

அக்கா மகளோடு போயிருந்தேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். இரண்டு கோடி வருடத்து மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. "கார்பனை வெச்சு வயசு சொல்லியிருப்பாங்களோ?" என்றேன். சிரித்துவிட்டாள்.

"இல்ல மாமா. கார்பன் கணக்கு சுமார் ஐம்பதாயிரம் வருஷத்தோட சரி. இது பாறை அடுக்கை வெச்சுச் சொன்ன வயசு. கீழடிக் கரித்துண்டுக்குத்தான் கார்பன். அதை எண்ணறது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்."

கீழடி மாதிரிகளை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பி, ஒன்றின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

நான் பி.காம். எனக்குப் புரிந்தவரை, அது ஒரு தராசு. அணுவையோ மூலக்கூறையோ மின்னேற்றி, காற்றை உறிஞ்சியெடுத்த குழாயில் ஓடவிட்டு, எடைவாரியாகப் பிரிக்கும். மருந்தில் கலப்படமா, காய்கறியில் பூச்சிமருந்தா என்பதையும் அதில் கண்டுபிடிக்கலாம்.

"நீ ஓட்டியிருக்கியாம்மா?"

"படம் போட்டு, பாகம் குறிச்சு மார்க் வாங்கியிருக்கேன். மெஷினைப் பார்த்ததுகூட இல்ல. சாம்பிள் வெளியூர் போச்சு, பேப்பர் வந்துச்சு."

கல்லூரிகளைத் திட்டுவது சுலபம். நல்ல கருவி என்றால் விலை கோடியைத் தொடும். வாங்கிய பிறகுதான் நிஜச் செலவே. பம்ப் ராப்பகலாக ஓட வேண்டும். ஏ.சி., யு.பி.எஸ்., வாயு, பராமரிப்பு ஒப்பந்தம், ஓட்டத் தெரிந்த ஆள். அதனால்தான் 1970-களிலேயே மத்திய அரசு, சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பொதுக் கருவி மையங்களை வைத்தது. 2000-ல் வந்த 'ஃபிஸ்ட்' திட்டம், பல்கலைக்கழகத் துறைகளுக்கே கருவி வாங்கப் பணம் கொடுத்தது.

சரி, புதுசு வந்ததும் பழசு என்ன ஆகிறது? தேய்மானம் கழித்துக் கழித்து, கணக்கில் மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அடுத்த ஸ்டாப், காயலான் கடை. ஓடுகிற நிலையில் இருந்தால் அதை மாணவர்களிடம் விடுங்களேன். ஆராய்ச்சிக்குப் புதுசு, கை பழகப் பழசு. தப்பு செய்தால் செய்யட்டும்.

ஜப்பானின் கொய்ச்சி தனாகா, இன்ஜினீயரிங் பட்டத்தோடு வேலைக்குப் போன கம்பெனி ஊழியர். 1985-ல் தவறுதலாக கிளிசரினைக் கலந்துவிட்டார். கொட்ட மனசு வராமல் கருவியில் வைத்துப் பார்த்தார். சிதைந்துபோக வேண்டிய மூலக்கூறு முழுசாக எடை காட்டியது. 2002-ல் நோபல் பரிசு! தப்பாகக் கலந்ததைச் சோதித்துப் பார்க்க அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கருவி இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது படம்தான்.

கிளம்பும்போது கல்மரத்தின் மேல் கை வைத்தாள்.

"இதையாவது தொட்டுப் பார்த்துக்கறேன் மாமா."