பாஸை 'பாஸ்' பண்ண ஒரு டூர் போலாமா, பாஸ்?

"எங்கேயாவது போயிட்டு வந்து ஒரு டூர் கட்டுரை எழுதுப்பா"ன்னு ஆசிரியர் குழுவுல சொன்னாங்க. அது மாசக் கடைசி. பர்ஸுல இருந்தது மெஸ் டோக்கனும் ரெண்டு பத்து ரூபாய் நோட்டும். இதை வெச்சுக்கிட்டு ஊட்டியா போக முடியும்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம், திரும்பி நடந்து வரணும்!

அதனால டிக்கெட்டே தேவைப்படாத ஒரு ஊருக்குப் போயிட்டு வந்தேன். ஊர் பேரு லிம்கிரேவ். அட்லஸ்ல தேடாதீங்க, கிடைக்காது. ஜப்பானைச் சேர்ந்த ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனி 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 'எல்டன் ரிங்' வீடியோ கேமுக்குள்ள இருக்கற ஊர் அது. இயக்கம், ஹிதெடாகா மியாசாகி. அந்த உலகத்தோட புராணக் கதையை எழுதிக் கொடுத்தவர், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். என் பயணச் செலவு, ரூம்மேட்டுக்கு வாங்கிக் கொடுத்த ரெண்டு டீ. சிஸ்டம் அவனோடது!

ஊர் எப்படி?

இருட்டான ஒரு சுரங்க மயானத்துல கண் முழிக்கிறீங்க. கதவைத் தள்ளிட்டு வெளியே வந்தா... அடேங்கப்பா! வானத்தையே அடைச்சுக்கிட்டு நிக்கிற ஒரு தங்க மரம். பச்சைப் பசேல்னு புல்வெளி. மலை உச்சியில, பாதி இடிஞ்சு போன ஒரு பிரமாண்டக் கோட்டை. அதுதான் ஸ்டார்ம்வெய்ல். 'வாடா தம்பி'ன்னு கூப்பிடற மாதிரியே நிக்கும்.

கொஞ்ச தூரத்துல கூரை இல்லாத ஒரு சர்ச். பேரு எல்லே. அங்கே காலேன்னு ஒரு வியாபாரி நெருப்பு மூட்டிக் குளிர் காய்ஞ்சுட்டு இருப்பார். வழியிலேயே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் உலாத்திட்டு இருப்பான். 'முதல் ஆளு, ஈஸியாத்தான் இருப்பான்'னு மோதினா அவ்வளவுதான், ஒரே குத்து! இந்த ஊரோட முதல் பாடமே இதுதாங்க. கண்ணுல பட்டவன்கிட்ட எல்லாம் உடனே மோதணும்னு கட்டாயம் இல்ல.

நமக்கு எங்கே அது புரிஞ்சுது?

மார்கிட்னு ஒருத்தர்

நீங்க ஓய்வெடுக்கிற சில இடங்கள்ல ஒரு தங்க ஒளி, போக வேண்டிய திசையைக் காட்டும். அது நேரா கோட்டையைத்தான் காட்டிச்சு. நானும் சமர்த்துப் பிள்ளையா நேரா போனேன். மலையேறி, வீரர்களைத் தாண்டி, கோட்டை வாசல் பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். மேலேயிருந்து தொம்முனு குதிச்சார் ஒருத்தர். தலையில கொம்பு, பின்னாடி வால், கிழிஞ்ச அங்கி, கையில ஒரு கைத்தடி. அவர்தான் மார்கிட். வீடியோ கேம் பாஷையில, 'பாஸ்'.

தாத்தா மாதிரி இருக்காரேன்னு இரக்கப்பட்டேன். 20 செகண்டுல 'நீ செத்துட்டே'ன்னு சிவப்பு எழுத்து. மறுபடி போனேன். மறுபடி சிவப்பு எழுத்து. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டரை மணி வரைக்கும் 34 தடவை செத்தேன். எண்ணினது நான் இல்ல, போர்வைக்குள்ள இருந்து ரூம்மேட்!

35-வது தடவை போகும்போது எழுந்து உட்கார்ந்தான். "ஏன்டா, எம்-3 எழுதற மாதிரியே இதையும் ஆடறே?"

சுருக்குன்னுச்சு.

எம்-3ன்னா இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்குத் தெரியும். மேத்ஸ் மூணாவது பேப்பர். ஃபூரியர் சீரிஸ், பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்னு பூதம் பூதமா வரும். மூணாவது செமஸ்டர்ல கோட்டை விட்டேன். அரியர் எழுதினேன். மறுபடி கோட்டை. ரெண்டு தடவையும் அதே கைடு, அதே கணக்கு, கடைசி ராத்திரி அதே மனப்பாடம். ஸ்டாண்டிங் அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூ ஹால் பக்கமே விட மாட்டாங்க. வீட்டுல இதைச் சொல்லவே இல்ல. அப்பா போன் பண்ணினா "நல்லாப் போகுதுப்பா"தான்.

அவன் சொன்னது உண்மை. 34 தடவையும் நான் ஒரே கத்தியோட, ஒரே மாதிரி ஓடி, ஒரே மாதிரி செத்திருக்கேன்.

"கோட்டைக்கு முதுகைக் காட்டிட்டு ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வாடா"ன்னுட்டுப் படுத்துட்டான். நிஜமான டூர் அங்கேதாங்க ஆரம்பிச்சுது!

தெற்கே போங்க

மெலினாங்கற பொண்ணு கொடுக்கற விசிலை ஊதினா, டோரன்ட்னு ஒரு மாயக் குதிரை வரும். அதுல ஏறி தெற்கே, பாலத்தைத் தாண்டிப் போனா 'அழுகைத் தீபகற்பம்'. பேருக்கு ஏத்த மாதிரி மழை தூறிட்டே இருக்கும். தூரத்துல டிங்... டிங்னு மணிச் சத்தம். என்னடான்னு பார்த்தா, கல்லால கட்டின ஒரு பெரிய கல்லறை மண்டபம், நாலு கால்ல நடந்து போயிட்டு இருக்கு! வயித்துக்கு அடியில ஆலய மணி தொங்குது. கண்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா பார்த்துட்டே இருந்தேன்.

பாலத்துக்குப் பக்கத்துல கண்ணைக் கட்டிக்கிட்டு ஐரீனான்னு ஒரு பார்வையில்லாத பொண்ணு உட்கார்ந்திருப்பா. தெற்குக் கோடியில கடலைப் பார்த்து நிக்கிற மார்ன் கோட்டையில அவ அப்பா எட்கர் இருக்கார். 'இந்தக் கடிதத்தை அப்பாகிட்ட சேர்த்துடுங்க'ன்னு கொடுப்பா. சேர்த்தேன். கோட்டையோட சண்டையெல்லாம் முடிச்சு, நல்ல சேதி சொல்லலாம்னு திரும்பி வந்தா, அவ உயிரோட இல்ல. பக்கத்துல அப்பா அழுதுட்டு இருக்கார். கடிதம் போய்ச் சேர்ந்துடுச்சு, அப்பாதான் லேட். எனக்கு ஏனோ வீட்டு ஞாபகம் வந்துது.

பர்ச்சேஸ் லிஸ்ட்!

டூர் போனா வெறுங்கையோட திரும்பலாமா? மார்கிட்டைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி நீங்க வாங்க வேண்டியவை...

கல்: லிம்கிரேவ் ஏரிக்கு வடக்கே ஒரு சுரங்கம் இருக்கு. அங்கே கத்தியைக் கூர் தீட்டற கல் நிறையக் கிடைக்கும். சாதாரண ஆயுதத்துக்கு முதல் கட்டத்துக்கு 2 கல், அடுத்ததுக்கு 4, மூணாவதுக்கு 6. ஆக மொத்தம் 12. எல்லே சர்ச்சுல இருக்கற மேஜையிலேயே +3 வரைக்கும் ஏத்திடலாம். அடி இடியா இறங்கும்.

கண்ணீர்: அழுகைத் தீபகற்பத்துல இருக்கற மூணு சர்ச்சுலயும் ஒவ்வொரு 'புனிதக் கண்ணீர்' உண்டு. உங்க குடுவை மருந்து ஒவ்வொரு மடக்குக்கும் கூடுதலா உயிர் கொடுக்கும். ரோட்டோரம் மினுமினுக்கற சின்னத் தங்க மரக்கன்று தெரிஞ்சா விட்டுடாதீங்க. அடியில இருக்கற விதை, குடுவை எண்ணிக்கையையே கூட்டும்.

விலங்கு: ஆத்தோரக் குகை ஒண்ணுல பேட்சஸ்னு ஒரு மொட்டைத் தலை ஆசாமி. முதல்ல அடிப்பான், அப்புறம் 'மன்னிச்சுடு'ன்னு கால்ல விழுவான். கொல்லாம விட்டா கடை போட்டுடுவான்! 5000 ரூன் கொடுத்தா 'மார்கிட்டின் விலங்கு' தருவான். சண்டையோட முதல் பாதியில ரெண்டு தடவை மார்கிட்டைத் தரையோட கட்டிப்போடும்.

மணி: குதிரை கிடைச்சதும் எல்லே சர்ச்சுக்குத் திரும்பிப் போங்க. ரெனான்னு ஒரு சூனியக்காரி ஒரு மணியும், மூணு ஓநாய்களோட ஆவியும் கொடுப்பா. சண்டையில மணியடிச்சா ஓநாய்கள் துணைக்கு வரும்.

உண்மையைச் சொல்றேன், மணி முதல் நாளே என் பையிலதான் இருந்துது. அடிக்கல. கோட்டை வாசல்ல ரோஜியர்ங்கற மந்திரவாதியோட தங்கக் குறி தரையில மின்னும். தொட்டா கூட வந்து சண்டை போடுவார். அதையும் தொடல. 'தனியா ஜெயிச்சாத்தான் கெத்து'ன்னு நினைப்பு. 34 தடவை செத்தவனுக்கு என்ன கெத்து?

கிளைமாக்ஸ்

நாலு நாள் சுத்திட்டு, லெவல் 27-ல திரும்பி வந்தேன். ரோஜியர் ரெடி, மணி அடிச்சாச்சு. உங்களுக்காகச் சில டிப்ஸ்...

மார்கிட் தடியை ஓங்கினதும் உருளாதீங்க. ஓங்கிட்டு அப்படியே நிப்பார், நீங்க உருண்டு எழுந்திருக்கற நேரம் பார்த்து இறக்குவார். தடி கீழே வரும்போதுதான் உருளணும். பின்னாடி உருண்டா கைநீளத்துல மாட்டுவீங்க. அவரைப் பார்த்து, அவர் பக்கவாட்டுக்கு உருளுங்க.

தூரத்துல நின்னு மருந்து குடிக்கிறதைப் பார்த்தா தங்கக் கத்தியை வீசுவார். அவர் ஓநாய் பக்கம் திரும்பற வரைக்கும் பொறுங்க. ரெண்டு அடி கிடைச்சா ரெண்டே அடி. மூணாவதுக்கு ஆசைப்பட்டுத்தான் நான் பாதி தடவை செத்தேன். பாலத்து ஓரத்துக்குப் போகாதீங்க, கீழே அதல பாதாளம்! உயிர் குறைஞ்சதும் ஒரு பெரிய தங்கச் சுத்தியலோட எகிறிக் குதிப்பார். அப்போ ஆசையெல்லாம் விட்டுட்டு, உருண்டு தப்பிக்கிறதை மட்டும் பாருங்க. முக்கியமா, கவசத்தை மூட்டை மூட்டையாப் போட்டுக்காதீங்க. உடம்பு கனத்தா உருள்றது கோணி மூட்டை உருள்ற மாதிரி இருக்கும்.

திரும்பி வந்த ரெண்டாவது தடவையே மார்கிட் காலி! கத்தின கத்துல பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்துட்டான்.

அப்புறம்தான் இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. கோட்டையை ஒட்டின மலைச்சரிவுல ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அதுல போனா கோட்டைக்குள்ள நுழையாமலே அந்தப் பக்கம், ஏரி நாடான லியுர்னியாவுக்குப் போயிடலாம். அடப்பாவிகளா! இந்த கேம்ல ஈஸி, ஹார்டுன்னு தேர்ந்தெடுக்கற வசதியே கிடையாதுன்னு எல்லாரும் குறை சொல்வாங்க. எனக்கென்னவோ, அந்த ஊரே அந்த வசதிதான்னு தோணுது. கஷ்டமா இருந்தா குதிரையைத் திருப்பு, சுத்திப் பாரு, பலமா திரும்பி வா. வாசல் எங்கேயும் ஓடிடாது.

நானும் குதிரையைத் திருப்பியிருக்கேன். எம்-3 புத்தகத்தை மூடி வெச்சுட்டு, பிளஸ் டூ மேத்ஸ் புத்தகத்தைத் திறந்து இன்டெக்ரேஷன்ல இருந்து ஆரம்பிச்சேன். எனக்கு ஃபூரியர் வராததுக்குக் காரணம் ஃபூரியரே இல்ல, அதுக்கு முன்னாடி நான் தாண்டிக் குதிச்சுட்டு வந்ததுங்க! தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் ரூம்மேட் சொல்லித் தர்றான். டீ செலவு என்னோடது.

மணியும் அடிச்சாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டு, ரெண்டு தடவை போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, ஃபீஸ் கட்டக் கடைசி தேதி என்னிக்கு?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

அடுத்த மாசம் எக்ஸாம். மூணாவது தடவையா வாசலுக்குப் போறேன். இந்த தடவை பாஸை பாஸ் பண்ணிடுவேனான்னு தெரியாது, பாஸ். ஆனா, பழைய கத்தியோட போகலை!