கற்ற வித்தை வீண்போகாது

எங்கள் வீட்டில் பனியனுக்குப் பஞ்சமில்லை. அப்பா பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். சென்ற ஆண்டு, ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பனியன் ஒன்றைக் காதர்பேட்டையில் எனக்கு வாங்கி வந்தார். அதன் மார்பில் ஒருவர் ஒரு காலைத் தூக்கிப் பந்தை எறிவது போன்ற படம். "கிரிக்கெட்டா அப்பா?" என்றேன். "இல்லே கண்ணு, பேஸ்பாலாம். அமெரிக்காக்காரங்க ஆட்டம்" என்றார்.

பந்து என்றாலே எனக்குக் கசந்த நேரம் அது. இரண்டு ஆண்டுகள் பள்ளியின் எறிபந்துக் குழுவில் ஆடியவள் நான். தோள்வலி வந்தபின் பந்து வலையைத் தாண்டுவதே அரிதாயிற்று. புதிய குழுவின் பட்டியலில் என் பெயர் இல்லை. "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ கற்றுக்கொடேன்" என்றார் சிஸ்டர். அது எனக்குத் தண்டனை போலத் தோன்றியது. மைதானத்தின் பக்கமே நான் போகவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவரின் வரலாறு தெரிய வந்தது. பேஸ்பாலில் பந்தெறிபவருக்குப் 'பிட்சர்' என்று பெயர். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து, பந்து தரையில் படாதபடி, அடிப்பவரை ஏமாற்றி எறிய வேண்டும். முழங்கைக்கும் தோளுக்கும் கடுமையான வேலை.

2008-இல் இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்தெறியும் போட்டி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் எறிந்து பார்த்தார்கள். முதலிடம் பெற்ற ரிங்குவும் இரண்டாமிடம் பெற்ற தினேஷும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள். இருவரும் லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பால் ஆடியே அறியாதவர்கள்! நமக்குப் பனியன் போல, ரிங்குவின் பதோகி மாவட்டத்துக்குக் கம்பளம். அவர் எறிந்த பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

இருவரும் அமெரிக்கா சென்று, ஆட்டத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் கீழ்நிலைப் போட்டிகளில் களமிறங்கினார்கள். அங்கிருந்து மேஜர் லீக் என்னும் உச்சிக்குப் பல படிகள் ஏற வேண்டும்.

அந்த உச்சியை இருவருமே தொடவில்லை. தினேஷை 2010-இல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு சில படிகள் ஏறினார். முழங்கைக் காயத்தால் 2012-க்குப் பின் போட்டிகளில் பந்தெறிய இயலவில்லை. 2018-இல் அவர் மல்யுத்தத்துக்குச் சென்றார். தினேஷ் ஊர் திரும்பி மீண்டும் ஈட்டியைக் கையிலெடுத்தார். தாம் கற்றுவந்த பேஸ்பாலைச் சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். இவர்கள் கதை 2014-இல் திரைப்படமாகவும் வந்தது. அதற்கு இசை நம் ஏ.ஆர். ரகுமான்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி, "கடைசியில் தோற்றுத்தானே ஊர் திரும்பினார்?" என்று கேட்டேன். அப்பா சற்று யோசித்தார். "பெரிய அளவுக்குப் பத்தாத துணியிலே குழந்தைக்குப் பனியன் வெட்டறோம் கண்ணு. அந்தத் துணி வீணாப் போச்சுன்னா சொல்றே?" என்றார்.

அன்றிரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை மைதானத்துக்குச் சென்றேன். சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை; பந்தை மட்டும் என் கையில் கொடுத்தார். இரு கைகளாலும் பிடிப்பதையும், ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து எறிவதையும் சிறுமிகளுக்குக் காட்டினேன். எல்லாரினும் குள்ளமான ஒருத்தி பத்து நாள் முயன்றும் வலையைத் தாண்டவில்லை. பதினோராம் நாள் அவள் எறிந்த பந்து தாண்டியது. "அக்கா, பார்த்தீங்களா?" என்று அவள் கத்தியபோது, என் பெயர் பட்டியலில் இல்லாததை நான் மறந்தே போனேன்.

தோழியரே, எல்லாருக்கும் முதல் வரிசை கிடைப்பதில்லை. ஆனால் கை கற்றதை இன்னொரு கைக்குக் கொடுக்க யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை அல்லவா?

— பத்தாம் வகுப்பு மாணவி