நான் வாசிக்காமல் விட்ட சொல்

நான் அரபு மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அலிஃபும் பாவும் தெரியாத பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குவதே என் தொழில். அப்படிப்பட்ட நான் ஓர் அரபு நகரத்திலே, கண்ணெதிரே எழுதியிருந்த ஒரேயொரு அரபுச் சொல்லை வாசிக்காமல் விட்டு வெட்கப்பட்ட கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

2018 ஆம் ஆண்டு அரபு ஆசிரியர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்காக எகிப்துக்குப் போயிருந்தேன். இடையில் கிடைத்த இரண்டு நாள் ஓய்வில், எங்களோடு பயின்ற அலெக்சாந்திரியாக்காரர் ஒருவர் தமது ஊரைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். அந்த ஊரின் பெயர் நமக்குப் புதிதல்ல. 1882 ஜூலையில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் குண்டு பொழிந்தது அந்தக் கடற்கரையில்தான். அதன் பின்னர்தான் ஒராபி பாஷாவை நமது நாட்டுக்கு நாடு கடத்தினார்கள். கண்டியில் அவர் வாழ்ந்த வீட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

நகரத்தின் நடுப்பகுதியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போல ஒரு ட்ராம் நிலையம் இருக்கிறது. மஹத்தத்துர் ரம்ல் என்பது அதன் பெயர். ரம்ல் என்றால் மணல். ஒரு காலத்தில் நகருக்குக் கிழக்கே வெறும் மணற்காடாகக் கிடந்த பகுதிக்குப் போவதற்காகப் போட்ட பாதை அது. 1863 இல் முதலில் குதிரை இழுத்தது, அதே வருடத்தில் நீராவி இழுத்தது, 1900களின் தொடக்கத்தில் மின்சாரம் வந்தது. ஆபிரிக்காக் கண்டத்திலேயே மிகப் பழைய ட்ராம் பாதை அதுதான். நீல நிறப் பெட்டிகள். கடலுக்குச் சமாந்தரமாக ஓரிரு தெரு உள்ளே ஓடியதால், ஒவ்வொரு குறுக்குத் தெருவைத் தாண்டும்போதும் கட்டடங்களுக்கு இடையே கடல் மின்னிவிட்டு மறைந்தது.

எனது உம்மும்மா சின்ன வயதில் கொழும்பு ட்ராம்காரில் போன கதையைச் சொல்லுவார். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் 1899 முதல் ஓடி, 1960 இல் நின்றுபோன ட்ராம்கார் அது. அந்த ஞாபகத்திலோ என்னவோ, ட்ராமைக் கண்டதும் சிறுபிள்ளை மாதிரி ஓடினேன். நண்பர் டிக்கட் விசாரித்துக்கொண்டு பின்னால் நிற்க, நான் முன்னால் கண்ட பெட்டியில் தொப்பியும் ஜுப்பாவுமாக ஏறிவிட்டேன். வண்டி புறப்பட்டு விட்டது.

உள்ளே திடீரென்று பேச்சு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு. மடியில் கீரைக் கட்டை வைத்து ஆய்ந்துகொண்டிருந்த வயதான பெண்மணி தலையை நிமிர்த்தி, "யா மௌலானா, தீ லிஸ்ஸித்தாத்!" என்றார். 'இது பெண்களுக்கு உரியது' என்பது அவர்களுடைய பேச்சரபு. வெளியே கதவருகில் 'ஸய்யிதாத்' என்று எழுதியிருந்ததாம். பெண்பாற் பன்மைப் பாடத்தில் கரும்பலகையில் நானே உதாரணமாக எழுதும் சொல், சகோதரிகளே!

இறங்கப் பார்த்தேன். "விழுந்து சாகப் போகிறீரா? அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நில்லும்" என்று அதட்டினார். வாசலில் நின்று வெளியே பார்த்தபடி வந்தேன். ஆனாலும் கண் ஒரு தடவை உள்ளே போய்விட்டது. புத்தகக் கட்டுகளுடன் நாலைந்து மாணவிகள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் ஒன்றின் பெயரே அல்ஜாமிஆ, அதாவது பல்கலைக்கழகம். அங்கே இறங்குகிறவர்களாக இருக்கும். அவர்களில் ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தாள். பை மடியிலிருந்து நழுவிப் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தாள்.

அந்தப் பிள்ளையைக் கண்டதும் என் நெஞ்சில் ஏதோ குத்தியது. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு நாலு மாதங்களுக்கு முன்னர் என் மூத்த மகள் உயர்தர வகுப்புக்காகப் பக்கத்து நகரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வயது பதினேழு. ஒருநாள் வீடு வந்தவள் சாப்பிடவில்லை. இரவில் தாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். சனநெரிசலைச் சாட்டாக வைத்து ஒரு மனிதன் செய்த வேலை. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பஸ் ஏறாதவர்கள் யார்? மறுநாள் சுபஹுக்குப் பிறகு நான் ஒரு வசனத்தில் முடிவு சொன்னேன்: "இனி வகுப்பு வேண்டாம்." "சரி வாப்பா" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் யாரும் என்னோடு தர்க்கிக்கவில்லை. என் கடமையைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக மத்ரஸாவுக்குப் போனேன். அந்த மனிதன் அடுத்த நாளும் அதே பஸ்ஸில் போயிருப்பான். என் மகள்தான் வீட்டில் இருந்தாள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆண்கள் ஏறும் பெட்டிக்கு ஓடினேன். கும்ஸாரி (அங்கே கண்டக்டரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) சிரித்துக்கொண்டே டிக்கட்டைத் தந்தார். சொற்பக் காசு. நண்பரிடம் கேட்டேன், "இப்படியொரு பெட்டி இருப்பதால் உங்கள் பெண்களுக்குத் தொல்லையே இல்லையா?" அவர் ஒளிக்காமல் பேசும் மனிதர். "பெட்டியை விட்டு இறங்கினால் தெரு இருக்கிறதே மௌலானா. 2014 இல் அதைத் தண்டிக்கச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் வண்டிக்குள்ளே இருக்கும் நேரமாவது அவர்களுடையது" என்றார்.

பின்னர் வழியிலுள்ள பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன், இந்த முறை ஒன்றையும் விடாமல்! புல்கலி, ஃபிளமிங், ஷூத்ஸ். இவற்றின் மூலவெழுத்து மூன்றும் எவை என்று மண்டையைப் போட்டு உடைத்தேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் நிலம் வாங்கிய, ரயில் கம்பனியோடு தொடர்புபட்ட வெளிநாட்டாரின் பெயர்களாம். துரைமார் போய்விட்டார்கள், பெயர்கள் அரபெழுத்தில் தங்கிவிட்டன.

அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, மகளைத் திரும்ப வகுப்புக்கு அனுப்புவோம் என்றேன். மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இப்பதானா நினைவு வந்த?" என்று மட்டும் கேட்டாள். ஊரில் இன்னும் நாலு பிள்ளைகளின் வாப்பாமாரோடு பேசி ஒரு வேன் ஒழுங்கு செய்தோம். மாதச் செலவு என் சம்பளத்தில் நன்றாகவே கடித்தது. தவறிப்போன பாடங்களுக்காக என் மகள் ஒரு வருடம் பிந்தி, 2020 இல்தான் பரீட்சை எழுதினாள். அந்த ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தது நான். இதை அவளிடம் வாய்திறந்து சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருடங்கள் பிடித்தன.

அலெக்சாந்திரியாவின் அந்தப் பாதையை, ரம்லிலிருந்து விக்டோரியா வரை, சுமார் 13 கிலோமீற்றருக்கும் புதிதாக அமைக்கும் திட்டம் வந்திருக்கிறது. ஒரு பகுதியைத் தூண்களின் மேல் உயர்த்தி, மணிக்கு 11 கிலோமீற்றராக இருந்த சராசரி வேகத்தை 21 ஆக்கி, ஒரு மணி நேரப் பயணத்தை முப்பத்தைந்து நிமிடமளவில் முடிப்பது நோக்கம். பழைய நீலப் பெட்டிகளுக்காக வருந்துகிற ஊரவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அவற்றில் ஒரு பிரியம்தான். ஆனால் தினமும் போய் வருகிறவளுக்கு அரை மணி நேரம் மிச்சமாவது சின்ன விஷயமா? புதிய வண்டியிலும் அந்த ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நமது கொழும்பிலும் இப்படியொன்று வரவிருந்தது. கோட்டையிலிருந்து மாலபே வரை சுமார் 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019 இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தமும் ஆனது. 2020 செப்டம்பரில், என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், அதைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. பத்திரிகையில் அந்தச் செய்தியை நான் சாதாரணமாகத்தான் வாசித்தேன்.

இப்போது அவள் மாலபேயில் என் தங்கை வீட்டில் தங்கி, கோட்டையில் வேலைக்குப் போகிறாள். பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை என்று காலையில் பஸ் ஊர்ந்து போகும். ஏறியதும் 'ஏறிட்டேன் வாப்பா' என்று ஒரு செய்தி வரும், இறங்கியதும் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் சில நாட்களில் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்த ட்ராமில் தூங்கிய பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டு, "நீ வழியில கொஞ்சம் கண்ணயர்றதில்லையா மகள்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸிலயா வாப்பா?" என்று சிரித்தாள்.