ஆறு வளைந்த ஊரின் போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் நிலத்தில் அமைந்துள்ளது ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர். அடிமைகளாய்ப் பருத்தி விளைவித்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் இது. குளிர் நீங்கி வெய்யில் எறிக்கத் தொடங்கியதும், முற்றத்துக் கயிறுகளிலே போர்வைகளைக் காற்றாட விடுவர்.

பழந்துணித் துண்டுகளை இணைத்து மேற்புறத்தை ஒருத்தி தனியே அமைப்பாள். பஞ்சு பரப்பித் தைக்கும்போது தோழியர் சட்டத்தைச் சூழ்ந்து அமர்வர். மிசூரி பெற்வே என்னும் பெண்மணி, மறைந்த கணவரின் வேலை உடைகளைக் கொண்டே 1942 இல் ஒரு போர்வை தைத்தார்.

இம்மக்கள் வாக்குரிமை கோரிய காலத்தில், 1962 இல், அக்கரைக்குச் செல்லும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. எதிர்க்கரையிலுள்ள கம்டன் நகருக்கு ஏறத்தாழ 40 மைல் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1966 இல் இவ்வூர்ப் பெண்களும் அயலூர்ப் பெண்களும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் போர்வைகளை விற்கலாயினர். 2002 இல் ஹூஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. படகு மீண்டும் ஓடியதும் அதே ஆண்டில்தான்.

ஆற்றைக் கடக்க ஊரார் 44 ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்தம் போர்வைகளோ அதற்கு முன்பே நாட்டின் பெருநகரங்களைச் சென்றடைந்துவிட்டன.