அரிசி மூட்டைக்கும் வாடகை

பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்ததும் அந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். கதவுக்கு அளவெடுக்க வந்த ஆசாரி என்று நினைத்திருப்பார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் வரிக் கணக்கை நான் டேப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

"பாதி வீடு ஆபீஸ்தான் சார். பாதின்னே போட்டுடுங்க" என்றார்.

800 சதுர அடி, மாதம் 16,000 ரூபாய் வாடகை. வேலை செய்யும் அறை 12-க்கு 10. அதில் பீரோவும் அரிசி மூட்டையும் 6-க்கு 4 இடத்தைப் பிடித்திருந்தன. அதைத் தள்ளினால் மிச்சம் 96 சதுர அடி. வீட்டில் 12 சதவீதம். வருடத்துக்கு 23,040 ரூபாய்.

"அரிசி மூட்டைக்கும் வாடகையா?"

"ஆமாம்மா. அது வீட்டுச் செலவு."

2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் 30, 38 பிரிவுகளில் சதுர அடி என்ற சொல்லே இருந்ததில்லை. தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் மதிப்புக்கு ஏற்ற வாடகை என்றுதான் இருந்தது. அந்த மதிப்பைக் காட்ட நமக்குக் கையில் கிடைப்பது டேப். சொந்த வீடாக இருந்தால் தனக்குத் தானே வாடகை எழுத முடியாது, பழுதுபார்ப்பு, தேய்மானம் போன்றவைதான்.

தொழில் தொடங்கிய புதிதில் நான் அறையைப் பார்க்காமலே ஒருவருக்கு 'மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதிவிட்டேன். எதை வைத்து மூன்றில் ஒன்று என்று கேட்டு வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. பதில் சொல்ல என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. டேப் என் பைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

கரண்ட் பில்லில் அதே 12 சதவீதத்தைப் போட மனம் வராது. பில்லை ஏற்றுவது படுக்கையறை ஏசி. லேப்டாப், ஃபேன், லைட் மூன்றும் சேர்ந்து 150 வாட். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள். இரண்டு மாத பில்லுக்கு 60 யூனிட். வேலைக்கு மட்டுமே வைத்திருக்கும் லேப்டாப்புக்கு 40 சதவீதம், மேசைக்கு 10 சதவீதம் தேய்மானம்.

புதிய வரி முறைக்குப் போனால் எந்தச் செலவும் கழியாது என்று பலர் நினைக்கிறார்கள். சேமிப்புக்கான கழிவுகள் போன்றவை போகும், தொழிற்செலவு போகாது. கட்டடக்கலைஞர், பொறியாளர் போன்றோர் உத்தேச வருமான முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் டேப்பே வேண்டாம், எல்லாச் செலவும் மீதிப் பாதிக்குள் அடக்கம். சம்பளக்காரர்கள் கேட்கும்போதுதான் சங்கடம். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அவர்களுக்கு நிலையான கழிவு மட்டுமே. நாற்காலி வாங்கிய பில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கிளம்பும்முன் ஒரு தாளில் அறையை வரைந்து, பீரோ நின்ற மூலையைக் கோடிட்டு, தேதி போட்டு, வாடகை ஒப்பந்தத்தோடு ஃபைலில் வைத்தேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"பீரோவை ஹாலுக்கு மாத்திட்டா?"

"சொல்லுங்க. மறுபடி அளக்க வர்றேன்."